டெபியன் வழுப் பதிவகமும் ரிப்போர்ட்பக்கும்: அதில் புழங்கும் ஒருவரின் மதிப்புரை

லினக்ஸில் ஏதாவது உடைந்தால் போய்ச் சொல்ல இன்று நிறைய இடங்கள் இருக்கின்றன. ஃபெடோராவுக்கு பக்ஜில்லா, உபுண்டுவுக்கு லாஞ்ச்பேட், சேவைகளை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டி போன்ற திட்டங்களுக்கு கிட்ஹப், லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் பெரும்பாலும் மெயில். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் புழங்கியிருக்கிறேன். வழு (பக்) பதிவதை, அதைவிட முக்கியமாக வந்த வழுக்களைச் சலித்துப் பிரிக்கும் வேலையை, ஒருவர் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் வழுப் பதிவகத்தைத்தான்.

பார்க்கப் பழசாக இருக்கும். உண்மையிலேயே பழசுதான். 1994இல் இயன் ஜாக்சன் எழுதிய டெப்பக்ஸ் என்ற மென்பொருள்தான் இன்னும் அடியில் ஓடுகிறது. வலைப்பக்கத்தில் வழுக்களைப் படிக்கலாம், ஆனால் அங்கே எழுதுவதற்குப் பெட்டியும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பதிவது, பதில் சொல்வது, மூடுவது, வேறு பேக்கேஜுக்கு (நிறுவத் தயாராகக் கட்டித் தரப்படும் மென்பொருள்) மாற்றுவது எல்லாமே மெயில் வழியாகத்தான். கணக்கு என்று ஒன்றும் இல்லை. மெயில் முகவரி இருந்தால் போதும், பேக்கேஜைக் கவனிக்கும் பராமரிப்பாளருக்கு உள்ள அதே கட்டளைகள் உங்களுக்கும் உண்டு. இந்த மதிப்புரையில் நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் ரிப்போர்ட்பக், வழு மெயிலைத் தயாரித்து அனுப்பும் கருவி. மெயிலைக் கையாலேயே எழுதி அனுப்பலாம். முதல் வரியில் பேக்கேஜ் பெயர், அடுத்த வரியில் பதிப்பு எண், அப்புறம் விஷயம். ஆனால் ரிப்போர்ட்பக் இருக்கும்போது அது தேவையில்லை. டெர்மினலில் அதை ஓட்டி பேக்கேஜ் பெயரைக் கொடுக்கலாம். பெயர் தெரியாவிட்டால் உடைந்த ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள், எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். அடுத்ததாக அந்தப் பேக்கேஜ் மீது ஏற்கெனவே உள்ள வழுக்களை இழுத்து வந்து காட்டும். இங்கே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். நம்முடையது ஏற்கெனவே இருந்தால் அதே எண்ணிலேயே கூடுதல் தகவலைச் சேர்க்கலாம். புதிதாக ஒன்று போடுவதைவிட அதனால்தான் பலன் அதிகம்.

அதன் பிறகு எடிட்டர் திறக்கும். உள்ளே நாலு கேள்விகள் தயாராக இருக்கும். இந்த நிலைமைக்கு முன்னால் என்ன நடந்தது? நீங்கள் சரியாக என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை? அதனால் என்ன ஆனது? அதற்குப் பதிலாக என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? பல திட்டங்களின் வழுப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன், இதைவிடச் சிக்கனமான, சரியான நாலு கேள்விகளை எங்கும் பார்க்கவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது எல்லோரும் பதில் எழுதினால் பிரிப்பவரின் வேலை பாதியாகிவிடும். ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுபவர் என்ன எதிர்பார்த்தார் என்பது தெரியாததால்தான் பாதி அறிக்கைகள் தேங்கிக் கிடக்கின்றன.

கேள்விகளுக்குக் கீழே ரிப்போர்ட்பக் தானே திரட்டிய விவரங்கள் வரும்: டெபியன் வெளியீடு, செயலிக் கட்டமைப்பு, கெர்னல் பதிப்பு, லொகேல், ஷெல், இனிட், சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் பதிப்பு எண்கள். கெர்னல் ‘டெயின்ட்’ ஆகியிருந்தால், உதாரணமாக வெளியார் மாட்யூல் ஏதாவது உள்ளே ஏற்றப்பட்டிருந்தால், அதையும் ஒளிக்காமல் எழுதிவிடும். பேக்கேஜ்கள் தங்களுக்கு வேண்டிய கூடுதல் தகவலைத் திரட்டச் சொந்தமாக ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. நீங்கள் மாற்றிய கான்ஃபிக் ஃபைல்களைச் சேர்க்கட்டுமா என்றும் கேட்கும். அங்கே சரி என்று அழுத்தும் முன் அந்த ஃபைலில் பாஸ்வேர்ட் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அனுப்பியதும் எல்லாம் பொதுவெளிக்குப் போய்விடும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. காப்புப் பிரதி எடுக்கும் ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), பெயர் வேண்டாம். அதை நிறுவிய பிறகு கணினியை அணைக்கும்போதெல்லாம் திரையில் ‘எ ஸ்டாப் ஜாப் ஈஸ் ரன்னிங்’ என்ற வரி வந்து ஒன்றரை நிமிடம் நின்றது. ஒன்றரை நிமிடம் என்பது தற்செயல் இல்லை, சிஸ்டம்டி ஒரு சேவை தானாக நிற்பதற்கு இயல்பாகக் கொடுக்கும் கெடு 90 விநாடி. மறுபடி எழுப்பி, ஜர்னல்சிடிஎல்லை -பி -1 என்ற தெரிவோடு ஓட்டி முந்தைய பூட்டின் லாக்கைப் பார்த்தேன். டெபியன் 11 முதல் ஜர்னல் இயல்பாகவே வட்டில் தங்குவதால் இது முடிகிறது. டீமனுக்கு ‘நில்’ என்று சொல்லப்பட்ட அதே விநாடியில் நெட்வொர்க்கும் இறங்கியிருந்தது. 90 விநாடி கழித்து ‘ஸ்டேட் ஸ்டாப்-சிக்டெர்ம் டைம்டு அவுட், கில்லிங்’ என்ற வரி.

டீமன் தன் கடைசிப் பதிவேற்றத்தை முடித்துவிட்டு நிற்கப் பார்க்கிறது. ஆனால் பதிவேற்ற நெட்வொர்க் இல்லை. சிஸ்டம்டியில் அணைக்கும் வரிசை என்பது எழுப்பும் வரிசையின் தலைகீழ். சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் ஃபைலில் ‘ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்’ என்று இருந்தால் எழும்போது நெட்வொர்க்குக்குப் பின்னால் எழும், அணையும்போது நெட்வொர்க்குக்கு முன்னால் நிற்கும். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிடும், எது முந்துகிறதோ அது போய்விடும். இதையெல்லாம் எழுதி, லாக்கில் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வெட்டிப் போட்டு, தலைப்பில் ‘நெட்வொர்க் போன பின்பும் பதிவேற்றத்துக்குக் காத்திருப்பதால் ஷட்டவுன் 90 விநாடி தாமதம்’ என்று வைத்து அனுப்பினேன். தலைப்பு முக்கியம். பிரிப்பவர் நீண்ட பட்டியலில் பார்க்கப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

பராமரிப்பாளரிடமிருந்து நீண்ட நாள் பதில் இல்லை. பதில் வந்தது சம்பந்தமே இல்லாத ஒருவரிடமிருந்து. அவர் டெபியன் உறுப்பினர்கூட இல்லை, அதே டீமனைப் பயன்படுத்துபவர், அவ்வளவுதான். அந்த யூனிட் ஃபைல் டீமனுடைய பேக்கேஜில் இல்லை, துணையாக வரும் இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். கூடவே அந்தப் பேக்கேஜ் மீது பழைய வழு ஒன்றையும் தோண்டி எடுத்திருந்தார்: ‘கணினியை அணைத்து எழுப்பினால் கடைசிக் காப்பு பாதியில் நிற்கிறது’ என்று யாரோ பதிந்தது. அதில் ஷட்டவுன் தாமதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னுடையதில் காப்பு பாழாவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

கட்டளைகளை வாங்கும் கட்டுப்பாட்டு முகவரிக்கு அவர் அனுப்பிய மெயிலில் இருந்தது மூன்றே வரி. ‘ரீஅசைன்’ என்று என் வழு எண்ணும் புதிய பேக்கேஜ் பெயரும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ‘ஃபோர்ஸ்மெர்ஜ்’ என்று பழைய எண்ணும் என் எண்ணும். கட்டளைகள் முடிந்தன என்பதற்கு ‘தேங்க்ஸ்’. ஃபோர்ஸ்மெர்ஜில் முதலில் வரும் எண்ணின் அமைப்புகள்தான் மற்றதற்கும் படியும். பழைய வழு தரவு இழப்பு என்பதால் ‘கிரேவ்’ தீவிரத்தில் இருந்தது, என்னுடையது வெறும் ‘நார்மல்’. ஒரே மெயிலில் என் சின்னத் தொந்தரவு அடுத்த வெளியீட்டையே தடுக்கக்கூடிய வழுவாகிவிட்டது. திருத்தம் ஒரே ஒரு வரிதான், அதுவும் சீக்கிரமே வந்தது.

கணக்கு, அனுமதி, பங்கு என்று வேலி போட்ட இடங்களில் இது நடக்காது. அங்கே வெளியாள் கருத்து எழுதலாம், ‘இது வேறு பேக்கேஜ் மாதிரி இருக்கிறதே’ என்று சொல்லலாம். ஆனால் மாற்றும் அதிகாரம் உள்ளவர் வந்து பார்க்கும்வரை அது கருத்தாகவே கிடக்கும். பராமரிப்பாளர்கள் தன்னார்வலர்கள், அவர்களுக்கு நேரம் இல்லை என்பதுதான் இந்த உலகத்தின் முதல் உண்மை. அப்படி இருக்கும்போது பிரிக்கும் வேலையையும் அவர்கள் தலையிலேயே கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. டெபியன் அந்த வேலையை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று விட்டிருக்கிறது, முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கதவைச் சாத்தவில்லை. 2021இல் வழு எண் பத்து லட்சத்தைத் தாண்டியது.

தீவிரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சண்டை அதிகம் வருவது அங்கேதான். ஏழு படிகள்: கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். முதல் மூன்றும் வெளியீட்டைத் தடுப்பவை. கிரிட்டிகல் என்றால் சம்பந்தமில்லாத மற்ற மென்பொருளையும் உடைப்பது, பெரிய தரவு இழப்பு, அல்லது நிறுவியதாலேயே கணினியில் பாதுகாப்பு ஓட்டை விழுவது. கிரேவ் என்றால் அந்தப் பேக்கேஜே பெரும்பாலும் பயன்படாமல் போவது, தரவு இழப்பு, அல்லது அதைப் பயன்படுத்துபவரின் கணக்குக்குள் பிறர் நுழைய வழி. சீரியஸ் டெபியன் கொள்கையைக் கடுமையாக மீறுவது. எனக்கு இன்றைக்கே வேண்டும், என் வேலை நின்றுவிட்டது என்பது இந்த வரையறைகள் எதிலும் இல்லை. ஆனாலும் தங்கள் அவசரத்தையே தீவிரமாகப் பதிபவர்கள் நிறைய. அதைக் கோபப்படாமல் இறக்கி வைப்பது பிரிப்பவரின் அன்றாட வேலை. இறக்கும்போது ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். வெறும் கட்டளை மட்டும் போனால், எழுதியவர் அதைத் தன்னைத் தட்டிக்கழிப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

இந்தப் படிகள் வெறும் அலங்காரமும் இல்லை. முதல் மூன்றில் ஒன்று தீர்க்கப்படாமல் கிடந்தால் அந்தப் பேக்கேஜ், அடுத்த வெளியீடாகப் போகும் சோதனைக் கிளையிலிருந்து தானாகவே நீக்கப்படும் வாய்ப்பு உண்டு. ஏபிடி-லிஸ்ட்பக்ஸ் நிறுவியிருப்பவர்களுக்கு அப்கிரேடு செய்யும் முன்பே ‘இந்தப் பதிப்பில் இப்படி ஒரு வழு இருக்கிறது, தொடரட்டுமா’ என்று எச்சரிக்கை வரும். சரியாகப் போட்ட தீவிரம் முன்பின் தெரியாத பலரின் கணினியைக் காப்பாற்றும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பதிப்புத் தடம். மற்ற பல இடங்களில் ஒரு வழு திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். இங்கே ஒரு வழுவுக்கு எந்தெந்தப் பதிப்பில் காணப்பட்டது, எதில் சரியானது என்று தனித்தனிப் பட்டியல் உண்டு. பேக்கேஜின் மாற்றப் பதிவிலிருந்து எந்தப் பதிப்பு எதிலிருந்து கிளைத்தது என்று பார்த்து, நிலைத்த வெளியீட்டில் இது இன்னும் இருக்கிறதா, சோதனைக் கிளையில் போய்விட்டதா என்று அதுவே கணக்கிட்டுச் சின்ன வரைபடமாகக் காட்டும். ‘சரிசெய்தாயிற்று என்கிறார்கள், எனக்கு இன்னும் வருகிறதே’ என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருக்கும்.

நான் பழைய வழுக்களைப் பிரிக்கும் விதத்துக்கும் அதுதான் அடித்தளம். தினமும் பயன்படுத்தும் ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்வேன். சுத்தமான மெய்நிகர்க் கணினியில் அறிக்கையில் உள்ளபடியே செய்து பார்ப்பேன். வழு வந்தால் ‘ஃபவுண்ட்’ கட்டளையோடு இன்றைய பதிப்பு எண்ணைச் சேர்ப்பேன். ஐந்து வருடப் பழைய வழுவுக்கு அந்த ஒரு வரி மறுபடி உயிர் கொடுக்கும். எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டுமானால் ஸ்னாப்ஷாட் காப்பகத்திலிருந்து பழைய பதிப்புகளை எடுத்து நடுவில் நடுவில் வெட்டிப் பார்க்கலாம், கெர்னல்காரர்கள் கிட் பைசெக்ட் வைத்துச் செய்வது போலத்தான். நிரல் விழுந்து சாகிறது என்றால் சிஸ்டம்டி-கோர்டம்ப்பை நிறுவி, விழுந்த நேரத்து நினைவகப் பதிவை கோர்டம்ப்சிடிஎல்லில் பார்ப்பேன். டெபியனின் டீபக்இன்ஃபோடி சேவையைச் சுட்டிவிட்டால் வழுத்தேடும் கருவியான ஜிடிபி தனக்கு வேண்டிய குறியீடுகளைத் தானே இறக்கிக்கொள்ளும், டீபக் பேக்கேஜ்களைத் தேடி அலைய வேண்டாம்.

வழு வராவிட்டால் ‘அன்ரீப்ரொட்யூசிபிள்’, ‘மோர்இன்ஃபோ’ குறிகளைப் போட்டு, நான் செய்து பார்த்ததை அப்படியே எழுதி, எழுதியவரையும் சேர்த்துப் பதில் அனுப்புவேன். பிறகு காத்திருப்பேன். கேட்ட கையோடு மூடுவது எனக்குப் பிடிக்காது. தன் நேரத்தைச் செலவழித்துச் சொல்ல வந்தவருக்குப் பதில் எழுத அவகாசம் கொடுக்க வேண்டும். மூடுவதானால் எண்ணோடு ‘-டன்’ சேர்ந்த முகவரிக்குக் காரணத்தோடு மெயில் போடுவது இங்கே முறை. அந்த விளக்கம் எழுதியவருக்கே நேராகப் போகும். மூடிய பிறகும் 28 நாள் கழித்துத்தான் ஆவணக் கிடங்குக்குப் போகும், தேவைப்பட்டால் அங்கிருந்தும் மீட்கலாம். நாள் கணக்குப் பார்த்துச் சும்மா கிடக்கும் வழுக்களை மூடிவிடும் ரோபோ எதுவும் இங்கே இல்லை. அதனால் பட்டியல்கள் நீளும், உண்மைதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் ஒரு வழு வழுதானே.

இனிக் குறைகள். திறந்த கதவின் வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் பேக்கேஜின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. 5.6.1ஐ டெபியனில் சீக்கிரம் சேர்க்கச் சொல்லி அதுவரை யாரும் அறியாத ஒரு பெயரில் இதே பதிவகத்தில் வேண்டுகோள் வந்தது, ஆதரித்துப் பேசவும் புதுப் பெயர்கள் வந்தன. அதே கதையில் மறுபக்கமும் இருக்கிறது. பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், டெபியனின் வளர்ச்சிக் கிளையான சிட்டைப் பயன்படுத்தியவர். தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் நுழைவு 0.3 விநாடிக்குப் பதில் 0.8 விநாடி எடுப்பதையும், நினைவகத் தவறுகளைத் தேடும் வால்கிரைண்ட் காட்டிய பிழைகளையும் விடாமல் துரத்திப் போனார். மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையை வழு எழுதப் பழகும் எல்லோரும் ஒரு முறை வாசிக்க வேண்டும். என்ன பார்த்தார், எதை அளந்தார், எது ஊகம் என்று பிரித்துப் பிரித்து எழுதியிருப்பார். கதவைச் சாத்துவது தீர்வு என்று நான் நினைக்கவில்லை. வருகிறவரின் அவசரத்தைப் பார்க்காமல் அவர் தரும் ஆதாரத்தைப் பார்க்கும் பழக்கம்தான் பிரிப்பவருக்கு வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. டெபியனில் பதியும் வழு மூல நிரலை எழுதியவரிடம் தானாகப் போய்ச் சேராது. 363516 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். 2006இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் மீது வால்கிரைண்ட் எச்சரிக்கைகளைப் பற்றி வந்த சாதாரண அறிக்கை. அதைத் தீர்க்க டெபியனில் மட்டும் இரண்டு வரிகள் முடக்கப்பட்டன. அதோடு சாவிகளை உருவாக்கும் ரேண்டம் எண்களுக்கு மிஞ்சிய ஒரே விதை செயல்முறை எண் மட்டுமே, அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே 13 அன்று அது வெளியே வந்தபோது இருக்கும் சாவிகளில் எது பலவீனம் என்று உலகமே சோதிக்க வேண்டியதாயிற்று. உரையாடல் முழுவதும் இன்றும் அந்த எண்ணில் அப்படியே இருக்கிறது, எதுவும் அழிக்கப்படவில்லை. அதனால்தான் ஒரு வழு மூலத்திட்டத்துடையது என்று தெரிந்தால் அங்கேயும் பதிந்து, இங்கே ‘ஃபார்வர்டட்’ கட்டளையால் இணைப்பைக் கொடுக்கும் வேலையை நான் தள்ளிப்போடுவதே இல்லை. மூலத்தில் சரியானால் பிடிஎஸ்-லிங்க் என்ற கருவி அதைக் கவனித்து இங்கே குறி போட்டுவிடும். ஆனால் முதல் இணைப்பை ஒரு மனிதர்தான் போட வேண்டும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. தேடல் படுமோசம், நான் வெளித் தேடுபொறியில்தான் தேடுகிறேன். பழைய வழுக்களில் குப்பை மெயில்கள் ஒட்டிக்கிடக்கும். உங்கள் மெயில் முகவரி எல்லோர் கண்ணிலும் படும், பிறகு எடுக்க முடியாது. ஆகவே இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் இங்கே போடாமல் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். மெயில் கட்டளை அனுப்பிவிட்டு அது நடந்ததா என்று தெரியக் காத்திருக்க வேண்டும். வலைப் படிவத்துக்கே பழகியவர்களுக்கு இதெல்லாம் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். மெயில் சேவையகம் அமைக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் சின்ன ஆறுதல்: ரிப்போர்ட்பக் டெபியனின் சொந்தச் சேவையகம் வழியாகவே அனுப்பித் தரும், முதல் முறை ஓட்டும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தொடங்க நினைப்பவர்கள் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். அதிலுள்ள பிடிஎஸ் என்ற கருவி கட்டுப்பாட்டு மெயில்களை ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடும். ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற இன்னொன்று, நீங்கள் நிறுவியிருக்கும் பேக்கேஜ்களிலேயே எவற்றுக்கு ஆள் தேவை, எந்த வழுக்கள் புதியவர்களுக்கு ஏற்றவை என்று ஒவ்வொரு ஏபிடி ஓட்டத்தின் முடிவிலும் சொல்லும். அந்தப் பட்டியலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பேக்கேஜ் ஒன்றைப் பிடித்து, அதன் மிகப் பழைய திறந்த வழுவைச் சுத்தமான கணினியில் செய்து பாருங்கள். வந்தால் ‘ஃபவுண்ட்’, வராவிட்டால் செய்து பார்த்ததை எழுதி ‘மோர்இன்ஃபோ’. அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம்.